அரணைக்கும் பல்லிக்கும் பெயர் சூட்டிய அறிஞர்: பீ.ஈ.பீ. தெரணியகலவின் வாழ்வும் பணியும்

வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் நமது வீட்டுப் பின்வளவிலே சருகுகளுக்கிடையில் ஒரு சலசலப்புக் கேட்கும். செப்பு நிறத்தில் மினுமினுக்கும் சிறிய உடலொன்று கணப்பொழுதில் தோன்றி மறையும். அரணை என்று ஒருவர் குரல் கொடுப்பார். இன்னொருவர் தும்புத்தடியைத் தேடுவார். அரணை கடித்தால் மரணம் என்ற அச்சம் தலைமுறை தலைமுறையாக நம்மிடையே ஊறிப்போயுள்ளது. அதே மக்கள்தாம், மறதி மிகுந்தவனை அரணைப் புத்திக்காரன் என்றும் கேலி செய்கின்றனர். கடிக்க வந்த அரணை வந்த காரியத்தை மறந்து திரும்பிவிடுமாம். ஒரே பிராணியைக் கொலைகாரனாகவும் மறதிக்காரனாகவும் நாம் ஒருங்கே கற்பித்து வைத்திருக்கிறோம்.

உண்மையில் அரணைக்கு நஞ்சு கிடையாது. பூச்சிகளையும் சிலந்திகளையும் புழுக்களையும் உண்டு வாழும் சாதுவான பிராணி அது. எதிரி பிடித்தால் தன் வாலையே துண்டித்துத் துடிக்கவிட்டு, எதிரி அதனை நோக்கியிருக்கும் வேளையில் தப்பியோடுவது தவிர வேறு பெரிய படைக்கலம் எதுவும் அதற்கில்லை. இந்த எளிய உண்மைகள் இன்றும் நமது வீடுகளை எட்டவில்லை. ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இத்தீவின் அரணைகளையும் பல்லிகளையும் ஆமைகளையும் முதலைகளையும் பாம்புகளையும் தேடித்தேடிப் பார்த்து, அளந்து, வரைந்து, பெயரிட்டு வைத்த ஓர் அறிஞர் நம் மத்தியில் வாழ்ந்தார். அவர்தாம் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராக நெடுங்காலம் விளங்கிய போலஸ் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல. பலாங்கொடை மனிதனைக் கண்டறிந்தவர் என்ற அளவில் பாடநூல்கள் அவரை அறிமுகம் செய்கின்றன. ஊர்வனவற்றின் உலகில் அவர் ஆற்றிய பணியோ தமிழ் பேசும் மக்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் நீக்குவதே நமது நோக்கமாகும்.

1900 ஆம் ஆண்டு பிறந்த தெரணியகல, கல்வியிலும் கலையிலும் பெயர்பெற்ற குடும்பமொன்றைச் சேர்ந்தவர். தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ் சிவில் சேவை அதிகாரியாகவும் வரலாற்றாசிரியராகவும் புகழ்பெற்றவர். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு அவர் பெயர் புதிதன்று. கந்தரோடையின் தொன்மையை அகழ்ந்து காட்டி, 1917 ஆம் ஆண்டிலும் 1919 ஆம் ஆண்டிலும் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதியவர் அவரே. யாழ்ப்பாண இராச்சியம் பற்றிய போர்த்துக்கேயர் காலப் பதிவுகளை நூலாக வெளியிட்டவரும் அவரே. தெரணியகலவின் உடன்பிறந்தவர்களுள் ஒருவரான ஜஸ்டின், 43 குழு எனப்படும் ஓவியர் குழுவின் முன்னோடிகளுள் ஒருவராக உலகப் புகழ் பெற்றார். தந்தையின் ஆய்வு நோக்கும் சகோதரனின் தூரிகையும் ஒரே வீட்டில் இருந்தன. இவ்விரண்டும் நமது கதாநாயகரிடத்தில் ஒன்றுசேர்ந்தன என்றே கூறவேண்டும். தாம் ஆராய்ந்த உயிரினங்களைத் தாமே வரைந்து வண்ணம் தீட்டும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திரினிற்றி கல்லூரியில் பயின்று முதுகலைமாணிப் பட்டம் பெற்ற அவர், பின்னர் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலும் கற்றார். அக்காலத்தில் அத்தகைய கல்வி பெற்ற ஓர் இலங்கையருக்கு நீதிமன்றமும் நிர்வாக சேவையும் கதவு திறந்து காத்திருந்தன. அவரோ கடற்கரையைத் தேர்ந்தார். நாடு திரும்பியபின் கடல்வாழ் உயிரினங்களை ஆராயும் அரச பணியில் சேர்ந்து, மீன்களையும் கடலாமைகளையும் பற்றி எழுதத் தொடங்கினார்.

கடலாமைகள் பற்றிய அவரது ஆய்வே உலக அறிஞர்களின் கவனத்தை முதலில் அவர்பால் ஈர்த்தது. இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை, பெருந்தலையாமை, சிற்றாமை என்பன அவை. இவற்றுள் கடைசி இரண்டும் அக்காலத்தில் பெருங்குழப்பத்துக்குள்ளாகியிருந்தன. சிற்றாமையைத் தனியினம் என்று பலர் ஏற்கவில்லை. பெருந்தலையாமையின் ஒரு வடிவமென்று சிலரும், இரு வகை ஆமைகள் கலந்து பிறந்த கலப்பினமென்று வேறு சிலரும் கருதினர். தெரணியகல இவ்விரு வகைகளையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து எலும்பெலும்பாகவும் ஓடு ஓடாகவும் ஒப்பிட்டார். சிற்றாமையின் அடிப்புறத்து விளிம்புச் செதில்களில் காணப்படும் நுண்துளைகளையும் ஓட்டின் அமைப்பையும் சான்றாகக் கொண்டு, இவை வெவ்வேறு பேரினங்கள் என 1930 களில் ஐயமற நிறுவினார். இன்று உலகின் எந்தக் கரையிலும் கடலாமைகளைப் பாதுகாக்கும் பணியில் ஈடுபடுவோர் இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே பணியாற்றுகின்றனர். எது எந்த இனம் என்று தெரியாமல் எதனையும் காப்பாற்ற முடியாதல்லவா?

முட்டையிலிருந்து வெளிவந்த ஏழுவரி ஆமைக் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்து, அவற்றின் வளர்ச்சியை அளந்து பதிவு செய்தவர்களுள் அவர் முன்னோடியாவார். ஆழ்கடலில் திரியும் இப்பிராணியைச் சிறைப்பட்ட நிலையில் உயிரோடு வைத்திருப்பது இன்றைய வசதிகளோடுகூட எளிதான காரியமன்று. அக்காலத்தின் எளிய தொட்டிகளைக் கொண்டு அவர் அதனைச் செய்து காட்டினார்.

அவரது ஆமை ஆய்வுகளில் மீனவ மக்களின் அறிவுக்கு உரிய இடம் கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது. அழுங்காமையின் இறைச்சி சில வேளைகளில் கொடிய நஞ்சாக மாறுவதுண்டு. யாழ்ப்பாணக் கரையோரத்தில் அதனை உண்டு மக்கள் மாண்ட துயரமும், இறைச்சியைப் பங்கிடுமுன் ஆமையின் ஈரலைக் காகத்துக்கு எறிந்து பார்க்கும் கரையோர வழக்கமும் அறிவியல் ஏடுகளில் இடம்பெற்றமைக்கு அவரது பதிவுகள் காரணமாயின. படித்தவர் பலர் மூடநம்பிக்கை என ஒதுக்கிய இத்தகைய செய்திகளை அவர் காது கொடுத்துக் கேட்டார். உண்மை எங்கிருந்தும் வரலாம் என்பதே அவரது நடைமுறையாக இருந்தது.

1939 ஆம் ஆண்டில் அவர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளரானார். அதே ஆண்டில், ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. 1963 ஆம் ஆண்டுவரை, அதாவது கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம், அப்பதவியில் அவர் நீடித்தார். குடியேற்ற ஆட்சியில் தொடங்கி, 1948 ஆம் ஆண்டின் சுதந்திரத்தைக் கடந்து, புதிய நாட்டின் முதற் பதினைந்து ஆண்டுகள்வரை அவரது பணிக்காலம் விரிந்தது. 1942 ஆம் ஆண்டில் தேசிய நூதனசாலைகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தபோதும் அதன் தலைமை அவரிடமே இருந்தது.

கொழும்பு நூதனசாலையைப் பற்றிக் கூறும்போது முஸ்லிம் வாசகர்கள் பெருமையுடன் நினைவுகூரும் ஒரு செய்தியுண்டு. 1877 ஆம் ஆண்டின் முதல் நாளன்று தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியினால் திறந்துவைக்கப்பட்ட அந்த அழகிய வெண்ணிறக் கட்டடத்தை எழுப்பியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் கட்டட ஒப்பந்தகாரராவார். பரிசாக என்ன வேண்டும் என்று தேசாதிபதி வினவியபோது, தமக்கென எதுவும் கேளாமல், ஜும்ஆ நாளாகிய வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூடிவைக்குமாறு அவர் வேண்டிக்கொண்டதாக வழிவழியாகக் கூறப்படுகிறது. நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் அதன் கதவுகள் மூடப்பட்டே இருந்தன. முஸ்லிம் ஒருவர் கட்டிய மண்டபத்தில், சிங்கள அறிஞர் ஒருவர் அமர்ந்து, தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் ஊர்களிலிருந்து வந்துசேர்ந்த உயிரினங்களை ஆராய்ந்தார் என்ற எண்ணம் நமது மனத்துக்கு இதமளிக்கின்றது.

பணிப்பாளர் என்ற பதவி அவரை மேசையோடு கட்டிப்போடவில்லை. ஈரவலயக் காடுகளின் சருகுப் படுக்கைகள், உலர்வலயத்தின் குளக்கரைகள், குகைகள், கடற்கரை மணல்வெளிகள் என அவர் அலைந்து திரிந்தார். கண்டவற்றை நூதனசாலையின் சஞ்சிகையான ஸ்பொலியா சைலானிக்காவில் ஓயாது எழுதினார். ஊர்வன பற்றிய அவரது வண்ணப்பட நூல்கள் 1953 ஆம் ஆண்டிலும் 1955 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முன்னையது பல்லி, அரணை, ஆமை, முதலை முதலியவற்றையும், பின்னையது பாம்புகளையும் பேசுவன. பின்வந்த ஆய்வாளர் எவரும் இவ்விரு நூல்களையும் புரட்டாமல் இத்தீவின் ஊர்வனவற்றைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது என்ற நிலை உருவாயிற்று.

அவர் பெயரிட்ட உயிரினங்கள் சிலவற்றை இங்கு நோக்குவது பொருத்தமாகும். இலங்கைக்கே உரிய நெசியா என்னும் அரணைப் பேரினம் விந்தையானது. மண்ணுக்குள் வாழ்ந்து பழகியதால் இவ்வரணைகளின் கால்கள் சிறுத்துக் குறுகிவிட்டன. சில இனங்களில் கால்களே முற்றாக மறைந்துவிட்டன. ஈரலிப்பான தளர்ந்த மண்ணிலும், உக்கிய மரக்கட்டைகளின் கீழும், குப்பைக் குவியல்களுக்குள்ளும் இவை வாழ்கின்றன. மண்வெட்டி படும்போது வெளிவந்து நெளியும் இவற்றைப் பாம்புக்குட்டி என்றெண்ணி அடித்துக் கொல்வோரே அதிகம். இப்பேரினத்தின் ஓர் இனத்துக்கு 1940 ஆம் ஆண்டில் அவர் சூட்டிய பெயர் நெசியா ஹிக்கனல என்பதாகும். ஹிக்கனலா என்பது அரணையைக் குறிக்கும் சிங்களச் சொல். 1944 ஆம் ஆண்டில் அவர் விவரித்த சிறு பல்லியொன்றுக்குப் பொடிஹுன என்று பெயர் வைத்தார். சிறு பல்லி என்பதே அதன் பொருள். மற்றொன்றுக்கு, பேய்ப்பல்லி என்ற பொருளில் யக்ஹுன என்று பெயரிட்டார். இலத்தீனும் கிரேக்கமும் கோலோச்சிய உயிரியற் பெயரிடலில், கிராமத்து மக்களின் வாய்மொழியை அவர் துணிந்து புகுத்தினார். வயலில் நிற்கும் கமக்காரனின் சொல் உலகத்து நூலகங்களில் நிலைபெற்றது.

கிழக்கு மாகாணத்து வாசகர்களுக்கு அணித்தான ஒரு பிராணியும் அவர் பட்டியலில் உண்டு. தென்கிழக்கு உலர்வலயத்தின் பாறைக் குகைகளில் வாழும் பொன்னிறப் பாறைப்பல்லியை 1953 ஆம் ஆண்டில் அவரே அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தார். அம்பாறை, மொனராகலை மாவட்டங்களின் பாறைக் குன்றுகளில் இதனைக் காணலாம். ஆண் பல்லியின் கழுத்துப்புறம் மஞ்சளாக ஒளிரும். பெண் பல்லிகள் குகைச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கின்றன. இதன் மிக நெருங்கிய உறவினம் உலகில் வேறெங்குமில்லை; இந்தியாவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் மாத்திரமே உள்ளது.

மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில், வில்பத்துக் காட்டின் வட எல்லையை அண்டி அமைந்துள்ள மறிச்சுக்கட்டிக் கிராமத்தையும் அவர் அறிவியல் வரைபடத்தில் இடம்பெறச் செய்தார். அங்கிருந்து பெறப்பட்ட, மணலுக்குள் புதைந்து வாழும் கேடயவாற் பாம்பொன்றை 1941 ஆம் ஆண்டில் அவர் புதிய இனமாக விவரித்தார். முதுகில் புள்ளிகளைக் கொண்ட அப்பாம்பு நஞ்சற்றது. மனிதன் கண்ணில் படுவதே அரிது. கேடயவாற் பாம்புக் குடும்பம் உலகிலேயே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மாத்திரம் வாழ்வது. மறிச்சுக்கட்டியின் கதையோ நாமறிந்ததே. 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அக்கிராமமும் வெறிச்சோடியது. 2009 ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தபின் மக்கள் மீளத் திரும்பியபோது, குடியிருப்பு எது, காடு எது என்ற சர்ச்சை எழுந்து நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே, அந்த மண்ணுக்குள் ஊர்ந்துகொண்டிருக்கும் சிறு பாம்பை எண்ணியவர் மிகச் சிலரே. 2016 ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் புதிய மாதிரிகளைக் கொண்டு அதனை மீண்டும் விரிவாக விவரித்தனர். மக்களின் உரிமையும் காட்டின் உயிர்ப்பும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. இரண்டையும் முறையாக அறிந்தவர்களே இரண்டுக்கும் நீதி வழங்க முடியும்.

தெரணியகலவின் பெயர் ஊர்வன உலகுக்கு வெளியே பரவியமைக்குக் காரணம் புதைபடிவங்களாகும். சப்ரகமுவ மாகாணத்தின் மாணிக்கக்கல் அகழ்வோர், கற்கள் பொதிந்த சரளைப் படைகளிலிருந்து பழைய எலும்புகளையும் பற்களையும் அடிக்கடி கண்டெடுத்து, மதிப்பற்றவையென வீசிவிடுவது வழக்கம். அவற்றைத் திரட்டிய தெரணியகல, இத்தீவில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் இன்று அழிந்துபோன வேறு யானையினமும் வாழ்ந்தன என்று காட்டினார். குருவிட்டைப் பகுதியில் கிடைத்த பற்களை ஆதாரமாகக் கொண்டு 1939 ஆம் ஆண்டில் இலங்கைச் சிங்கம் ஒன்றையும் விவரித்தார். குகைகளிலும் திறந்த வெளிகளிலும் நடத்திய அகழ்வுகளின் பயனாக, கற்காலத்து வேட்டைக்காரனாகிய பலாங்கொடை மனிதனுக்கு 1955 ஆம் ஆண்டில் அறிவியற் பெயர் சூட்டினார். அவரது மைந்தரும் தொல்லியல் திணைக்களத்தின் தலைவராக விளங்கியவருமான சிரான் தெரணியகல, 2021 ஆம் ஆண்டில் மறையும்வரை இத்துறையை மேலும் செழுமைப்படுத்தினார். குருவிட்டையின் பட்டதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதன் வாழ்ந்தமை பிற்கால ஆய்வுகளால் உறுதியாயிற்று.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். அவர் கண்டறிந்த சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் யானைக்கும் சிங்களேயுஸ் என்ற ஒரே அடைமொழியைத் திரும்பத் திரும்பச் சூட்டினார். தமிழரும் முஸ்லிம்களும் இப்பெயர்களைப் படிக்கும்போது சற்றே புருவத்தை உயர்த்துவது இயல்பு. குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபடத் துடித்த ஒரு காலகட்டத்தின் உணர்ச்சி அப்பெயர்களில் கலந்திருந்தது என்று கொள்வதே நியாயமாகும். ஆனால் அவரது கண்டுபிடிப்புகள் சொல்லும் செய்தியோ அப்பெயர்களைவிட விரிந்தது. அந்த நீர்யானையும் சிங்கமும் எங்கிருந்து வந்தன? கடல் மட்டம் தாழ்ந்திருந்த பனியுகங்களில், இன்று பாக்கு நீரிணையாகவும் மன்னார்க் கடலாகவும் கிடக்கும் நிலப்பரப்பின் வழியே நடந்து வந்தன. கேடயவாற் பாம்பும் பொன்னிறப் பல்லியும் அதே உறவுக்குச் சாட்சி சொல்கின்றன. எந்த இனத்தின் பெயரைச் சூட்டினாலும், விலங்குகளுக்கு இனப்பெருமை கிடையாது. நிலம் இணைந்திருந்தபோது வந்தன. கடல் பிரித்தபோது தனித்து வளர்ந்தன. இத்தீவில் யார் முதலில் வந்தவர் என்று ஓயாது வழக்காடும் நாம் அனைவரும் இதிலிருந்து கற்க வேண்டியது நிறைய உண்டு.

குறைகளும் அவரிடத்தில் இல்லாமலில்லை. சிறு வேறுபாடுகளைக் கண்டவுடன் புதிய உபஇனமென அறிவித்துவிடும் போக்கு அவருக்கிருந்தது. குளத்து முதலைக்குக் கிம்புல என்ற சிங்களப் பெயரோடு 1936 ஆம் ஆண்டில் அவர் வகுத்த உபஇனத்தைப் பிற்கால அறிஞர் பெரும்பாலும் ஏற்கவில்லை. இலங்கைச் சிங்கத்துக்கான சான்று மிகச் சொற்பமானது என்ற விமர்சனமும் உண்டு. அவரது விவரிப்புகள் சில இரண்டொரு பத்திகளுள் முடிந்துவிட்டமையால் பின்வந்தோர் இடர்ப்பட்டதும் உண்மையே. எனினும் அவசரத்தில் கூறியதாகப் பலர் ஒதுக்கிய ஒரு கூற்றே, அவர் இறந்து பல்லாண்டுகளின் பின் அவரது கண்ணின் கூர்மையை உலகுக்கு உணர்த்திற்று.

1963 ஆம் ஆண்டு ஜனவரி 26 ஆம் திகதி இரத்மலானைக் கரையில் அலகு நீண்ட திமிங்கிலமொன்று ஒதுங்கியது. ஏறத்தாழ நாலரை மீற்றர் நீளமான பெண் விலங்கு அது. பதவியின் இறுதியாண்டிலிருந்த தெரணியகல அதனை ஆராய்ந்து, இதுவரை அறியப்படாத இனமென முடிவு செய்து, கூர்மையான அலகுடையது என்ற பொருளில் ஹொட்டவுல என்னும் பெயரைச் சூட்டினார். ஆனால் இரண்டொரு ஆண்டுகளுக்குள் வெளிநாட்டு அறிஞர்கள் அதனை, யப்பானில் முன்னர் அறியப்பட்ட இனத்தின் மற்றொரு மாதிரியே எனக் கூறித் தள்ளுபடி செய்தனர். 1976 ஆம் ஆண்டில் தெரணியகல கண்மூடியபோது அப்பெயர் அறிவியல் ஏடுகளில் செல்லாக்காசாகவே கிடந்தது. 2014 ஆம் ஆண்டில் மரபணுச் சோதனை வேறு தீர்ப்பை வழங்கியது. மாலைதீவு, சீசெல்ஸ் முதலிய தீவுகளிலும் பசுபிக் சமுத்திரத் தீவுகளிலும் கிடைத்த எலும்புகளையும் இரத்மலானை மாதிரியையும் ஒப்பிட்ட ஆய்வாளர் குழு, அது தனி இனமே என உறுதிப்படுத்திற்று. கரையொதுங்கிய ஒரே ஓர் உடலைப் பார்த்து அவர் சொன்னது, ஐம்பத்தோர் ஆண்டுகளின் பின் மெய்யாயிற்று. இன்று அத்திமிங்கிலம் உலகெங்கும் அவரது பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நூதனசாலைப் பணியின் இறுதிக் காலத்திலும் அதன் பின்னரும், 1961 முதல் 1964 வரை, வித்யோதயப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடாதிபதியாகவும் அவர் பணியாற்றினார். விலங்கியல் அறிஞர் ஒருவர் கலைப்பீடத்துக்குத் தலைமை தாங்கியமை, அவரது அறிவின் அகலத்துக்குச் சான்றாகும்.

ஓர் அறிஞனுக்கு உயிரியலாளர் வழங்கும் மிகப்பெரிய மரியாதை, உயிரினமொன்றுக்கு அவன் பெயரைச் சூட்டுவதாகும். அமெரிக்க ஆய்வாளர் எட்வேர்ட் டெய்லர் 1950 ஆம் ஆண்டில் நெசியா அரணையொன்றுக்குத் தெரணியகலவின் பெயரை வைத்தார். மலைநாட்டு மண்ணில் வாழும் சிறு பாம்பொன்று 1982 ஆம் ஆண்டில் அவர் பெயரைப் பெற்றது. 1991 ஆம் ஆண்டில் இலங்கைக்கே உரிய சருகரணைகளுக்கென லங்கஸ்கிங்கஸ் என்ற புதிய பேரினம் வகுக்கப்பட்டபோது, அதன் ஓர் இனமும் அவர் பெயர் தாங்கியது. மாளிகைகளிலும் வீதிகளிலும் பெயர் பொறிக்கப்படுவோர் பலர். சருகுக்குள் ஊரும் அரணையின் மீது பெயர் பொறிக்கப்படுவோர் சிலர். ஆட்சிகள் மாறினாலும் வீதிப் பெயர்களைப்போல இப்பெயர்கள் எளிதில் மாற்றப்படுவதில்லை.

அவரது வாழ்விலிருந்து நாம் பெறவேண்டியது என்ன? கிராமத்துச் சிங்களவரின் சொற்களை அவர் அறிவியலுக்குள் கொண்டுசென்றார். அதே காலத்தில் நமது ஊர்களிலும் அரணை, உடும்பு, ஓணான், பல்லி, அழுங்காமை, சிற்றாமை எனச் சொற்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. மன்னாரிலும் மூதூரிலும் மட்டக்களப்பிலும் பொத்துவிலிலும் வாழ்ந்த கமக்காரரும் மீனவரும் வேட்டைக்காரரும் அறிந்து வைத்திருந்த பெயர்களும் குணங்களும் ஏராளம். அவற்றைத் தொகுத்து எழுத நம்மிடையே ஒரு தெரணியகல தோன்றவில்லை. மூன்று தசாப்த காலப் போர் காடுகளுக்குள் நாம் காலடி வைக்கவே முடியாமற் செய்தது. இடம்பெயர்வு, முதியோரின் அறிவை இளையோரிடமிருந்து பிரித்தது. நமது பிள்ளைகளுள் பலருக்கு ஆபிரிக்கச் சிங்கம் தெரிகிறது. கொல்லைப்புறத்து அரணைக்குக் கால் எத்தனை, அது முட்டையிடுமா என்பது தெரிவதில்லை.

இலங்கையில் இன்று இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்வன இனங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் காணக்கிடையாதவை. ஒரு குன்றிலோ ஒரு காட்டுத் துண்டிலோ மாத்திரம் வாழும் இனங்களும் உண்டு. அந்தக் குன்று கல்லுடைக்கும் ஆலைக்குப் போனால், அந்தக் காட்டுத் துண்டு தீயிடப்பட்டால், அவ்வினம் உலகிலிருந்தே மறைந்துவிடும். கடலாமைகள் 1972 ஆம் ஆண்டு முதல் சட்டத்தால் முழுமையாகப் பாதுகாக்கப்படுகின்றன. சருகுக்குள் வாழும் சிறு பிராணிகளுக்கோ, சட்டத்தைவிட மக்களின் மனமாற்றமே உறுதியான அரணாகும். சருகுகளைக் கூட்டி எரிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் அரணையின் வீட்டையே எரிக்கின்றோம் என்ற உணர்வு நமக்கு வரவேண்டும்.

நமது பாடசாலைகளின் ஆசிரியர்கள் மனம் வைத்தால் பெருஞ்செலவின்றியே இப்பணியைத் தொடங்கலாம். பாடசாலை வளவிலே காணப்படும் ஊர்வனவற்றை மாணவர்கள் தொடாமலும் கொல்லாமலும் அவதானித்து, வரைந்து, ஊரில் வழங்கும் பெயரையும் எழுதி வைக்கட்டும். பாட்டனாரிடமும் வாப்பும்மாவிடமும் கேட்டு அப்பெயர்களைத் திரட்டட்டும். ஓரிரு ஆண்டுகளில் அதுவே அவ்வூரின் பெறுமதிமிக்க ஏடாகிவிடும். தமிழில் வண்ணப்படங்களோடு கூடிய ஊர்வன நூலொன்றை ஆக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களின் விலங்கியல் துறைகள் ஏற்க வேண்டும். பெற்றோர் செய்யவேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை பின்வளவில் சருகு சலசலக்கும்போது தும்புத்தடியைத் தேடாமல், பிள்ளையை அழைத்து, சற்றுத் தள்ளி நின்று அந்தச் செப்புநிற உடலைக் காட்டினால் போதும்.